கொள்ளைநோய்க் காலத்து ஆணைகள்

கோவை மாநகரில் பிளேக் மாரியம்மன் என்னும் பெயர் தாங்கிய கோவில்கள் இன்றும் உள்ளன. வெளியூரார் அப்பெயரைக் கேட்டு வியப்பர். அம்மனுக்கு ஆங்கிலப் பெயர் எங்ஙனம் வந்தது என்றும் வினவுவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நகரைச் சூறையாடிய பெருநோயின் நினைவே அப்பெயராகும். 1901 ஆம் ஆண்டின் குடிக்கணக்கில் ஏறத்தாழ 53,000 பேரைக் கொண்டிருந்த கோவை, 1911 ஆம் ஆண்டின் கணக்கில் ஏறத்தாழ 47,000 ஆகச் சுருங்கிற்று. பஞ்சும் நூலும் பெருகி வளர்ந்துகொண்டிருந்த நகரம் பத்தாண்டுகளில் இங்ஙனம் குறைந்ததெனில், மாண்டவர் எத்தனை பேர், மனையைப் பூட்டிவிட்டு ஊரை விட்டே அகன்றவர் எத்தனை பேர் என்று நாமே எண்ணிக்கொள்ளலாம். தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் புனித செபஸ்தியாரையும் புனித ஆரோக்கியநாதரையும் நோக்கி எழும் வேண்டுதல்களும் இத்தகைய காலங்களின் எச்சங்களே. 2021 மே மாதத்தில் இருகூர்ப் பகுதியிலுள்ள காமாட்சிபுரி ஆதீனத்தார் கொரோனா தேவி என்று ஒரு சிலை நாட்டி வழிபட்டபோது நாட்டின் பல பகுதியினர் நகைத்தனர். கோவையின் பழைய வரலாற்றை அறிந்தோர் நகைக்கவில்லை.

பிளேக் விட்டுச்சென்றது கோவில்களை மட்டுமன்று. ஒரு சட்டத்தையும் விட்டுச்சென்றது. அதைப்பற்றியே இம்மாதம் நம் குடும்பங்களோடு சற்று விரிவாகப் பேச விழைகிறோம்.

1896 இல் பம்பாயில் பிளேக் தோன்றியது. அதை அடக்கவேண்டி ஆங்கில அரசு 1897 பிப்ரவரி 4 ஆம் நாள் கொள்ளைநோய்ச் சட்டத்தை நிறைவேற்றியது. அக்காலத்தில் அது நான்கே பிரிவுகளைக் கொண்ட மிகச் சிறிய சட்டம். நோய் பரவும் ஆபத்து உள்ளதென்று அரசு கருதினால், தேவையென்று தோன்றும் எந்த நடவடிக்கையையும் எடுக்கலாம் என்பது அதன் உயிர்நாடி. மீறுவோரை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188 ஆம் பிரிவின்படி தண்டிக்கலாம் என்றது மூன்றாம் பிரிவு. இச்சட்டத்தின் கீழ் நல்லெண்ணத்துடன் செயல்பட்ட எவர் மீதும் வழக்குத் தொடுக்க இயலாது என்றது நான்காம் பிரிவு. அரசு செய்யக்கூடியது இன்னதென்று அது எல்லை வகுக்கவில்லை. குடிமகனுக்கு உரியது இன்னதென்றும் அதில் ஒரு சொல் இல்லை. நோயாளிக்கு மருத்துவம் அளிப்பது அரசின் கடமை என்றுகூட அதில் எழுதப்படவில்லை. ஒரு பேரரசின் அச்சத்தை நான்கு பிரிவுகளில் அடக்கிய சட்டம் என்று அதனைச் சொல்வது மிகையாகாது.

அச்சட்டம் வந்த ஆண்டிலேயே அதன் விளைவும் வெளிப்பட்டது. பூனா நகரில் பிளேக் தடுப்புப் பணிக்குத் தலைமை தாங்கிய ராண்டு என்னும் அதிகாரி, படைவீரரை வீடுவீடாக ஏவினார். பூசை அறை, பெண்டிர் அறை என்ற வேறுபாடின்றி அவர்கள் நுழைந்தனர். பொருள்களை அகற்றி எரித்தனர். வெகுண்டெழுந்த சாபேக்கர் சகோதரர்கள் 1897 ஜூன் 22 ஆம் நாள் இரவு ராண்டைச் சுட்டனர். கொலையை எவரும் போற்றுதற்கில்லை. ஆனால் அதன் பின்னர் அரசு செய்தது என்ன? தம் இதழில் அரசைக் கண்டித்து எழுதிவந்த பாலகங்காதர திலகரை இராசத்துரோகக் குற்றம் சாட்டி 18 மாதச் சிறைக்கு அனுப்பியது. நோயைத் தடுக்கப் பெற்ற அதிகாரமும், நாவைத் தடுக்கப் பெற்ற அதிகாரமும் அடுத்தடுத்த வீட்டுக்காரர் என்பதை அவ்வாண்டே காட்டிவிட்டது.

இனி 2020 ஆம் ஆண்டிற்கு வருவோம். மார்ச் 24 ஆம் நாள் மாலை 6 மணி முதல் தமிழகத்தில் 144 தடையாணை நடப்புக்கு வந்தது. அன்றிரவு 8 மணிக்குப் பிரதமர் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேசி, நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு என அறிவித்தார். நான்கு மணி நேர அவகாசத்தில் 130 கோடி மக்களின் இயக்கம் நின்றது. நடுவண் அரசு 2005 ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைக் கையிலெடுத்தது. மாநில அரசோ 1897 ஆம் ஆண்டின் அந்தப் பழைய சட்டத்தையும், 1939 ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தையும் துணைகொண்டது. இங்கே நம் வாசகர்கள் ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். 1975 இல் அறிவிக்கப்பட்டது போன்ற நெருக்கடிநிலை 2020 இல் அறிவிக்கப்படவேயில்லை. அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் ஒருநாளும் ஏட்டிலிருந்து நீங்கவில்லை. ஏட்டில் இருந்தவை தெருவில் இருந்தனவா என்பதே கேள்வி.

அரசின் அதிகாரத்தையே வெறுப்பவர் அல்லர் நாம். அதிகாரத்திற்குப் பணிதலைப் பற்றிப் புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 13 ஆம் அதிகாரத்தைக் கேட்டு வளர்ந்தோர் பலர் நம்மிடையே உளர். தொற்றுநோய்க் காலத்தில் என் உடல், என் வீடு, என் விருப்பம் என்று ஒருவர் தனித்து நிற்க இயலாது. என் மூச்சே அயலானுக்கு நஞ்சாகக்கூடும் எனில், என் உரிமைக்கு எல்லை உண்டு. ஆயினும் திருத்தந்தை இருபத்து மூன்றாம் அருளப்பர் 1963 இல் உலக அமைதி குறித்து வெளியிட்ட சுற்றுமடல், ஆட்சியாளரின் தலையாய கடமை மனித உரிமைகளைப் பேணுவதே என்று தெளிவுபடக் கூறுகின்றது. அவ்வுரிமைகளை மீறும் ஆணைக்குக் கட்டுப்படுத்தும் வலிமை இல்லை என்றும் அது கூறத் தயங்கவில்லை. இவ்விரண்டையும் கையில் வைத்துக்கொண்டே கடந்துபோன அக்காலத்தை நாம் நிறுத்துப் பார்க்கவேண்டும்.

நம் நகரத்திலேயே நிகழ்ந்த ஒன்றை முதலில் எடுத்துக்கொள்வோம். கோவையிலிருந்து நடைபெறும் சிம்பிளிசிட்டி என்னும் இணையச் செய்தித்தளம் 2020 ஏப்ரலில் சில செய்திகளை வெளியிட்டது. அரசு மருத்துவமனையில் இரவுபகலாய்ப் பணியாற்றும் மருத்துவ மாணாக்கருக்கு உணவு சரிவரக் கிட்டவில்லை என்பது ஒன்று. நியாயவிலைப் பொருள் வழங்கலில் முறைகேடு என்பது மற்றொன்று. மாநகராட்சி உதவி ஆணையர் ஒருவர் காவல்துறையிடம் முறையிட்டார். செய்தியாளரும் புகைப்படக்காரரும் காவல்நிலையத்தில் பல மணி நேரம் இருத்தி வைக்கப்பட்டனர். ஏப்ரல் 23 ஆம் நாள் அத்தளத்தின் நிறுவனர் கைது செய்யப்பட்டார். அவர் மீது ஏவப்பட்ட சட்டங்களுள் ஒன்று எது தெரியுமா? 1897 ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு! சில நாட்களுக்குப் பின்னரே அவருக்குப் பிணை கிடைத்தது.

அச்செய்திகள் முற்றும் சரியா, மிகையா என்று நாம் தீர்ப்புக் கூற முன்வரவில்லை. செய்தி தவறெனில் மறுப்பு வெளியிட அரசுக்கு ஆயிரம் வழிகள் உள்ளன. உணவு வந்து சேர்ந்தது என்று மருத்துவமனை முதல்வர் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டிருந்தாலே போதும். பட்டினியைப் பற்றிய செய்தி கிருமியைப் பரப்புமோ? எலியையும் தெள்ளுப்பூச்சியையும் எதிர்த்து எழுந்த சட்டத்தைச் செய்தித்தாளின் மேல் ஏவுவது எவ்வகை நியாயம் என்பது நமக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவ்வேப்ரல் மாதத்திற்குச் சற்று முன்னர், மார்ச் 31 ஆம் நாள், உச்ச நீதிமன்றமே இதுபற்றிப் பேசியிருந்தது. நோய் நிலவரம் குறித்த அரசின் அதிகாரபூர்வ விவரத்தையும் செய்தித்துறையினர் வெளியிட வேண்டும் என்று கூறிய அதே மூச்சில், கொள்ளைநோய் பற்றிய தடையற்ற விவாதத்தில் தலையிடத் தாம் எண்ணவில்லை என்றும் நீதிபதிகள் தெளிவாக்கினர்.

சீன நாட்டு ஊகான் நகரில் நிகழ்ந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அங்கே லீ வென்லியாங் என்னும் கண் மருத்துவர், புதிய நோயொன்று தலைகாட்டுவதைத் தம் உடன்பணியாளருக்கு எழுதி எச்சரித்தார். 2020 ஜனவரி 3 ஆம் நாள் காவலர் அவரை அழைத்து, பொய்யுரை பரப்பியதாகக் கண்டித்துக் கையொப்பம் வாங்கினர். அந்நோயாலேயே அவர் பிப்ரவரி 7 ஆம் நாள் மாண்டார். மார்ச்சில் சீன அரசே அக்கண்டனம் முறையன்று என ஒப்பி அதனை விலக்கிக்கொண்டது. அதற்குள் நோய் கண்டம் தாண்டிவிட்டது. விடுதலையான செய்தித்தாள்களும் தேர்தலும் உள்ள நாட்டில் பெரும்பஞ்சம் நேர்வதில்லை என்று பொருளறிஞர் அமர்த்தியா சென் நெடுங்காலமாகக் கூறிவருவதன் உட்பொருளும் இதுவே. பசியோ நோயோ, மேலிடத்திற்குச் செய்தி போய்ச் சேர்ந்தாலன்றி மேலிடம் அசையாது.

2021 மே மாதத்தை நினைவுகூர்வோம். அம்மாத இறுதியில் நாள்தோறும் காணப்பட்ட புதிய நோயாளர் எண்ணிக்கையில் கோவை மாவட்டம் சென்னையையும் மிஞ்சியது. மருத்துவமனைகளின் வாயிலில் ஊர்திகள் வரிசையாய்க் காத்துக் கிடந்தன. மே 30 ஆம் நாள் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பாதுகாப்பு உடை அணிந்து இ.எஸ்.ஐ. மருத்துவமனையின் நோயாளர் கூடத்திற்குள்ளேயே சென்று நலம் விசாரித்தார். அந்நாட்களில் உயிர்வளி எங்கே உள்ளது, படுக்கை எங்கே காலி என்பதை மக்களே ஒருவருக்கொருவர் கைப்பேசியில் அறிவித்துக்கொண்டதால் பிழைத்தவர் எத்தனையோ பேர். வடநாட்டில் சில அதிகாரிகள் அத்தகைய வேண்டுகோள்களையே வதந்தி என அடக்க முற்பட்டபோது, ஏப்ரல் 30 ஆம் நாள் உச்ச நீதிமன்றம் சினந்து தடுத்தது. துயரத்தை வெளியிடும் குடிமகனைத் துன்புறுத்தினால் அதனை நீதிமன்ற அவமதிப்பாகக் கொள்வோம் என்றது. ஓராண்டுக்கு முன் கோவையில் கைதான செய்தியாளருக்கும் இச்சொல் உரியதே.

188 ஆம் பிரிவைப் பற்றி ஒரு சிறு சட்ட விளக்கம் தருவது நம் இல்லத்தோர்க்குப் பயன்படும். அரசு ஊழியரின் ஆணையை மீறுவது குற்றம் என்பது அப்பிரிவு. ஆனால் அதனை விசாரிக்க வேண்டுமாயின் அந்த ஊழியரே நீதித்துறை நடுவரிடம் எழுத்து மூலம் முறையிட வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் கூறிற்று. காவல்துறை தானாகவே முதல் தகவல் அறிக்கை பதிய இயலாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 ஆம் ஆண்டிலேயே விளக்கியிருந்தது. இருந்தும் ஊரடங்கு மாதங்களில் தமிழகத்தில் பதிவான வழக்குகள் ஏறத்தாழ 10 லட்சம்! காய்கறி வாங்கச் சென்றவர், மருந்துக் கடைக்கு மிதிவண்டியில் போனவர், தறிக்கூலி கேட்கப் போனவர் என இப்பட்டியலில் அடங்காதார் இல்லை. ஊர்திகள் காவல்நிலைய வளாகத்தில் வெயிலில் காய்ந்தன. 2021 பிப்ரவரி 19 ஆம் நாள் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, வன்செயல், போலி அனுமதிச்சீட்டு போன்றவை நீங்கலாக அவ்வழக்குகளைக் கைவிடுவதாக அறிவித்தார். தேர்தல் நெருங்கிய வேளை என்பதைக் குறும்புக்காரர் சிலர் சுட்டினர். எவ்வாறாயினும் நல்லதே. ஆனால் பத்து லட்சம் வழக்குகளை ஓர் உரையில் கைவிட முடியுமானால், அவற்றுள் எத்தனை வழக்குகள் தொடக்கத்திலேயே தேவையற்றவை?

இனி நம் ஆலயங்களைப் பற்றி. 2020 ஏப்ரல் 5 குருத்து ஞாயிறு, ஏப்ரல் 12 உயிர்ப்புப் பெருவிழா. அவ்வாண்டுப் புனித வாரத்தில் மக்கள் இல்லாத பீடத்தில் குருக்கள் திருப்பலி நிறைவேற்றினர். மார்ச் 27 ஆம் நாள் மாலை மழையில், ஆளற்ற புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தனியே நின்று உலகிற்கு ஆசி வழங்கிய காட்சி நம் நெஞ்சை விட்டு அகலாது. கதவடைப்பு அநீதி என அப்போது நாம் கருதவில்லை, இப்போதும் கருதவில்லை. வரலாறும் நமக்கு அதையே கற்பித்திருக்கின்றது. 1576 இல் மிலான் நகரைக் கொள்ளைநோய் பற்றியபோது மக்கள் அனைவரும் வீட்டில் அடைபட்டனர். பேராயர் புனித சார்லஸ் பொரோமேயு தெருச் சந்திகளில் பீடங்களை எழுப்பச் செய்தார். மக்கள் தத்தம் பலகணியில் முழந்தாளிட்டுத் திருப்பலி கண்டனர். அவர் தனிமைப்படுத்தலை எதிர்த்து மக்களைத் திரட்டவில்லை. அதே வேளையில் மக்களை இறைவனின்றி விட்டுவிடவும் இல்லை.

எனவே நம் மனக்குறை கதவடைத்ததில் அன்று, கதவைத் திறந்த வரிசையில்தான். 2020 மே 7 ஆம் நாள் அரசு மதுக்கடைகள் திறக்கப்பட்டன. முறையாக இடைவெளி விட்டு நிற்கவில்லை என்று உயர் நீதிமன்றம் மறுநாளே மூடச் சொன்னது. அரசு உச்ச நீதிமன்றம் வரை சென்று தடை பெற்று, மே 16 ஆம் நாள் மீண்டும் திறந்தது. வழிபாட்டிடங்களை ஜூன் 8 முதல் திறக்கலாம் என நடுவண் அரசு வழிவிட்டபோதும், தமிழகத்தில் கிராமப்புறத்துச் சிறு கோவில்களும் ஆலயங்களும் ஜூலையில்தான் திறக்கப்பட்டன. நகரத்துப் பேராலயங்கள் செப்டம்பர் 1 வரை காத்திருந்தன. அடுத்த ஆண்டிலோ நிலை இன்னும் விந்தையானது. 2021 ஆகஸ்டு 23 ஆம் நாள் முதல் பாதி இருக்கைகளுடன் திரையரங்குகள் திறந்தன. அக்காலத்திலேயே வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாட்களும் வழிபாட்டிடங்கள் மூடிக் கிடந்தன. அக்டோபர் நடுவில்தான் அத்தடை நீங்கியது. இசுலாமியர்க்கு வெள்ளி, நமக்கு ஞாயிறு, இந்துப் பெருமக்களுக்கு வெள்ளியும் விழா நாட்களும். எந்நாளில் மக்கள் கூடுவரோ அந்நாளில் மூடுவது என்பதே கணக்கு. கூட்டத்தைக் குறைப்பது நோக்கமெனில் கணக்கு சரியே. ஆனால் கோவைத் திரையரங்கில் சனி மாலை இருநூறு பேர் அமரலாம், ஊட்டி மலையடிவாரத்துச் சிற்றாலயத்தில் ஞாயிறு காலை நாற்பது பேர் அமரலாகாது என்பதற்குக் காரணம் கூறவேண்டிய கடமை ஆணையிட்டவருக்கு இருந்தது. காரணம் கூறப்படவில்லை. தடையை விட அத்தடைக்குக் காரணம் கூற மறுத்ததே நம்மை வருத்தியது. நம் வீட்டுப் பிள்ளைக்குக்கூட, வெளியே போகாதே என்று சொல்லும்போது ஏன் என்று சொல்கிறோம் அன்றோ?

இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. பொறுக்க முடியாத ஒன்று சாத்தான்குளத்தில் நிகழ்ந்தது. தூத்துக்குடி மாவட்டத்தின் அவ்வூரில் கைப்பேசிக் கடை நடத்திவந்த ஜெயராஜ் என்பவரைக் காவலர் 2020 ஜூன் 19 ஆம் நாள் மாலை அழைத்துச் சென்றனர். கடையை ஊரடங்கு நேரத்திற்கு மேல் திறந்து வைத்தார் என்பது குற்றச்சாட்டு. தந்தையைத் தேடி மகன் பென்னிக்ஸ் காவல்நிலையம் சென்றார். இருவரும் இரவெல்லாம் அடிக்கப்பட்டனர். மறுநாள் கோவில்பட்டிக் கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டனர். 22 ஆம் நாள் இரவு மகனும், 23 ஆம் நாள் காலை தந்தையும் உயிர்நீத்தனர். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அந்நிலையத்திலேயே பணியாற்றிய பெண் தலைமைக் காவலர் ஒருவர், அஞ்சாது தாம் கண்டதைக் கூறினார். ஊரடங்கை அவர்கள் மீறவேயில்லை என்று நடுவண் புலனாய்வுத் துறை பின்னர்க் கண்டது. மீறியே இருந்தாலும்தான் என்ன? கடையைச் சில மணித்துளிகள் கூடுதலாகத் திறந்து வைத்ததற்கு உலகின் எந்தச் சட்டமும் மரணத்தை விதிக்கவில்லை.

வியப்புக்குரிய ஒற்றுமை ஒன்றுண்டு. ஜெயராஜ் காவல்நிலையத்திற்கு இட்டுச் செல்லப்பட்ட அதே ஜூன் 19 ஆம் நாள், தில்லியில் உச்ச நீதிமன்றம் தமிழகத்திலிருந்து வந்த மற்றொரு வழக்கில் தீர்ப்பளித்தது. மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த காசி என்பவர் தொடர்ந்த வழக்கு அது. உரிய காலத்திற்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிடில் கைதிக்குப் பிணை பெறும் உரிமை உண்டு. ஊரடங்கைக் காட்டி அவ்வுரிமையை மறுக்கலாகாது என்றனர் நீதிபதிகள். ஊரடங்கை நெருக்கடிநிலைக்கு ஒப்பாகக் கருத முடியாது என்றும், உயிரும் தனிமனித விடுதலையும் அந்நாட்களிலும் காக்கப்பட வேண்டியவை என்றும் விளக்கினர். 1976 இல் நெருக்கடிநிலையின்போது அதே நீதிமன்றம், கைதியின் விடுதலை உரிமைக்காக வழக்காட வழியில்லை என்று தீர்ப்பளித்திருந்தது. நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவரே அன்று மாறுபட்டு நின்றார். நாற்பத்து நான்கு ஆண்டுகளில் நீதிமன்றம் கற்றுக்கொண்டது. காவல்நிலையம் கற்றதா என்பதற்குச் சாத்தான்குளம் அன்றிரவே விடை கூறிற்று.

தொழிலாளரைப் பற்றிச் சொல்லாமல் கொங்கு நாட்டைப் பற்றி எழுத இயலாது. திருப்பூரின் பனியன் சாலைகளிலும், கோவையின் வார்ப்பட ஆலைகளிலும், சோமனூர், பல்லடம் தறிகளிலும் வேலை நின்றது. பீகார், ஒடிசா, வங்காளம், அசாம் எனப் பல மாநிலங்களிலிருந்து வந்தோர் கூலியும் இன்றி, ஊருக்குச் செல்ல வண்டியும் இன்றித் தகரக் கொட்டகைகளில் அடைபட்டனர். மே மாதத்தில் கோவையிலும் திருப்பூரிலும் அவர்கள் தெருவில் இறங்கினர். ஊருக்கு அனுப்புங்கள் என்பதைத் தவிர வேறெதையும் அவர்கள் கேட்கவில்லை. அதுவும் அப்போதைய ஆணைப்படி குற்றமே. ஜூன் 9 ஆம் நாள் உச்ச நீதிமன்றம், வீடு திரும்ப விழையும் அனைவரையும் 15 நாட்களில் அனுப்பவும், ஊரடங்கை மீறியதாக அவர்கள் மீதுள்ள வழக்குகளைக் கைவிடுவது பற்றிக் கருதவும் ஆணையிட்டது. நடந்து களைத்தோர்க்கும் வழியில் மாண்டோர்க்கும் அவ்வாணை பிந்தியே வந்தது. குசராத்து அரசோ நோயைக் காரணம் காட்டி, நாளொன்றுக்கு 12 மணி நேர வேலையும், மிகைநேரத்திற்கு இரட்டிப்புக் கூலி இன்மையும் செல்லும் என அறிவித்திருந்தது. பெருந்தொற்றைப் பொது நெருக்கடி என்று கூறித் தொழிலாளரின் வியர்வைக்குரிய விலையைக் குறைக்க இயலாதென்று அக்டோபர் 1 ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதனைத் தள்ளிற்று. ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த நம் பங்குகளில் இத்தீர்ப்பு போதிய அளவு பேசப்படவில்லை என்பது நம் எண்ணம்.

அதிகாரம் என்றவுடன் காக்கிச் சட்டையையே நினைக்கிறோம். அயலாரின் கண்ணும் ஓர் அதிகாரமே. நோயுற்றோர் வீட்டுக் கதவில் அறிவிப்புத் தாள் ஒட்டப்பட்டது. தெருமுனை தகரத்தால் அடைக்கப்பட்டது. நோய் தீர்ந்த பின்னரும் அவ்வீட்டாரிடம் பால் கொடுக்கல் வாங்கல் நின்ற தெருக்கள் உண்டு. உரிய அதிகாரியின் தனி ஆணையின்றி இங்ஙனம் தாள் ஒட்டலாகாதென்று 2020 டிசம்பர் 9 ஆம் நாள் உச்ச நீதிமன்றம் கூறிற்று. சென்னையில் நரம்பு அறுவை மருத்துவர் சைமன் எர்க்குலிஸ் 2020 ஏப்ரல் 19 ஆம் நாள் நோயால் இறந்தபோது, அவரது உடலைக் கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்ய விடாது கூட்டமொன்று தடுத்தது. நண்பரான மருத்துவர் ஒருவர் வேறோரிடத்தில், இரவில், தம் கையாலேயே மண் தள்ளி அடக்கம் செய்தார். அவ்வார இறுதியிலேயே தமிழக அரசு, இறந்தோரின் அடக்கத்தைத் தடுப்போர்க்கு மூன்றாண்டு வரை சிறை என அவசரச் சட்டம் பிறப்பித்தது. அரசின் கை கடுமையாக இருந்தது சரியே என்று நாம் மனமாரக் கூறும் இடம் இது. மண்ணில் ஆறடி கிடைக்கும் உரிமைகூடச் சில வேளைகளில் அரசு காத்தாலன்றி நிலைக்காது.

தடுப்பூசி பற்றி நம் இல்லங்களில் மூண்ட வாதங்கள் நினைவிருக்கும். ஊசி போட்டோர்க்கே பொது இடங்களில் இடம் என்று நம் மாநிலத்திலும் ஆணை வந்தது. 2022 மே 2 ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இதில் நடுநிலையான தீர்ப்பு வழங்கியது. எவரையும் கட்டாயப்படுத்தி ஊசி போடலாகாது, தன் உடல் மீதான உரிமை அரசியலமைப்பின் 21 ஆம் பிரிவில் அடங்கும் என்றது. நடுவண் அரசின் தடுப்பூசிக் கொள்கை அறிவுக்கொவ்வாதது என்று சொல்ல இயலாதென்றும் கூறியது. நோய் தணிந்துவிட்ட அந்நிலையில், ஊசி போடாதவரை மட்டும் பொது இடங்களிலிருந்து விலக்குவது தகுந்த அளவினதன்று என்றது. ஊசி போட்டுக்கொள்வதே நன்று என்பது நம் கருத்து. பங்குத்தந்தையரும் பீடத்திலிருந்து அதையே வலியுறுத்தினர். ஆயினும் அறிவுரைக்கும் ஆணைக்கும் உள்ள தொலைவை நீதிமன்றம் அளந்து காட்டியது நன்றே.

1897 ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் உயிருடன் உள்ளது. 2020 இல் அதில் சேர்க்கப்பட்ட முக்கியமான திருத்தம், மருத்துவப் பணியாளரைத் தாக்குவோர்க்குக் கடுந்தண்டனை என்பதாகும். அதை நாம் வரவேற்கிறோம். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் நீங்கிப் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. பழைய 188 ஆம் பிரிவு புதிய சட்டத்தில் 223 என்னும் எண்ணைத் தாங்கியுள்ளது. அதே ஆண்டு பிப்ரவரியில் இந்தியச் சட்ட ஆணையம் தன் 286 ஆம் அறிக்கையில் கொள்ளைநோய்ச் சட்டத்தை ஆராய்ந்து, அது காலத்திற்கு ஒவ்வாதது, திருத்தவோ புதியது இயற்றவோ வேண்டும் என்று பரிந்துரைத்தது. அவ்வறிக்கை வெளிவந்தபோது நாளிதழ்களின் உட்பக்கத்தில் ஒரு சிறு பத்தியே அதற்குக் கிடைத்தது. புதிய சட்டம் இயற்றப்படுமாயின், ஒவ்வொரு தடையாணைக்கும் காரணமும் முடிவு நாளும் எழுதப்பட வேண்டும் என்றும், சட்டமன்றத்தின் முன் அவை வைக்கப்பட வேண்டும் என்றும், நோய்ச் செய்தி வெளியிடுவோர்க்கு அச்சட்டத்தால் இடர் நேரலாகாது என்றும் நம் தொகுதி உறுப்பினரிடம் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. பங்குப் பேரவைகளும் மறைமாவட்டக் குடும்ப நலப் பணிக்குழுக்களும் ஒரு விண்ணப்பத்தாளில் கையொப்பம் திரட்டுவதற்குக் கொள்ளைநோய் மீண்டும் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதற்கு ஒரு வரி இடம் ஒதுக்குமாறு நம் வாசகர்களை வேண்டுகிறோம்.